முடிதிருத்துபவரின் இடது முழங்கால்

அந்த முடிதிருத்துபவருக்கு ரத்தம் லேசில் உறையாது. பிறவியிலேயே ஹீமோஃபிலியா. "உன் கையில போய் சவரக்கத்தியா!" என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துவைப்பார். விரலில் கத்தி பட்டால் அழுத்திப் பிடித்து நிறுத்திவிடுவார். அவரைப் படுத்தி எடுத்தது வெளியே தெரியாத ரத்தம். மாதம் இரண்டு மூன்று முறை இடது முழங்கால் உள்ளேயே கசிந்து, சூடேறி, பந்தாக வீங்கிவிடும். ரத்தம் உறைவதற்கான ஊசி போட்டுப் படுத்துக் கிடந்தால் வற்றும். எழுந்து நாலு பேருக்கு முடி வெட்டுவதற்குள் திரும்பவும் ஆரம்பம்.

"மூட்டுக்குள்ள மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு," என்றார் எலும்பு டாக்டரம்மா. "ரத்தம் கசியக் கசிய அது தடிச்சுப்போச்சு. தடிச்ச சவ்வு இன்னும் கசியுது. சின்னத் துளை போட்டு அதை எடுத்துடலாம். ஆனா ஏற்கனவே தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான்."

அவருடைய அம்மா பிடிவாதமாக மறுத்தார். "வேணாம்டா. உன் மாமா ஒரே ஒரு பல்லைப் பிடுங்கப் போய், ரத்தம் நிக்காமத்தான் நம்மள விட்டுப் போனான்."

"அப்ப இந்த ஊசி ஏதும்மா?" என்றார் மகன். ஆனாலும் டாக்டரம்மாவிடம் கேட்டார்: "எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?"

"பதினாலு பேருக்கு. ஒருத்தருக்கு மறுபடியும் ரத்தம் கட்டி, திரும்ப ஆபரேஷன் பண்ண வேண்டியதாயிடுச்சு."

மறைக்காமல் சொன்ன அந்த ஒன்றுதான் அவரைச் சம்மதிக்க வைத்தது.

ரத்தம் உறைவதற்கான ஊசியை முன்னும் பின்னும் நாள் தவறாமல் போட்டார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பாடு அதற்குப் பிறகுதான். மறுநாளே பிசியோதெரபி பயிற்சியாளர் வந்து, "மடக்குங்க" என்றார். வலித்தால் அசையக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து பழகியவர் அவர். வலியோடு மடக்கச் சொன்னால்? பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார். கண்ணில் நீர் முட்டியது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கால் முழுசாக மடங்கவில்லை. தரையில் சம்மணம் போட இன்றும் முடியாது. ஆனால் எட்டு மாதத்தில் ஒரே ஒரு முறைதான் கசிந்தது.

கடையில் கூட்டம் நெரிந்த ஒருநாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் பதறிப்போய் ஐஸைத் தேடினார். "கால் வலிக்குது. மறுபடியும் ஆரம்பிச்சுடுச்சு."

மனைவி முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை, வீக்கமில்லை. வலது காலையும் அமுக்கினாள்.

"இது வலிக்குதா?"

"அதுவும்தான் வலிக்குது."

"ஏங்க, காலையிலேர்ந்து நின்னா யாருக்குத்தான் வலிக்காது?"

அவர் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.