தண்ணீரை அடைக்கிற மாப்பிள்ளை

எண்ணெய்க் கிணற்று வேலை என்றால் எண்ணெய் எடுக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கிணற்றுக்கு வயதாகிவிட்டால் தண்ணீரைத் தடுக்கிற வேலைதான் அதிகம். எழுபதுகளில் குஜராத் பக்கம் அந்த வேலையில் இருந்த நான், ஒரு கோடையில் பெண் பார்க்கக் காஞ்சிபுரம் வந்தேன். சொந்த ஊரில் தங்கள் உத்தியோகத்தை விளக்கப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

சலூன் நாற்காலி

தெருக் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. சலூன்காரர் தண்ணீர் தெளிக்காமல் வறட்டுத் தலையை வாரியபடி, "அங்க இன்னாபா வேல?" என்றார்.

"கெணத்துல தண்ணி வராம பாத்துக்கறது."

கத்தரி நின்றது. "வந்துட்டா?"

"சிமெண்டைக் கொழகொழன்னு கரைச்சு உள்ள எறக்கி, தண்ணி வர்ற எடத்த அடைச்சிடுவோம்."

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தண்ணி வருதுன்னு அழுவுற ஊரு எங்க இருக்குது, சொல்லுபா. கொடத்த எடுத்துக்கினு குடும்பத்தோட வந்துட்றேன்."

டம்ளர் பாடம்

பெண் வீடு பக்கத்து ஊரான முசரவாக்கத்தில். வசந்தாவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அவள் அப்பா விவசாயி. என் வேலையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். நான் ஒரு டம்ளரில் தண்ணீர் விட்டு, மேலே நல்லெண்ணெய் ஊற்றிக் காட்டினேன். பாறைக்குள்ளும் இப்படித்தான், எண்ணெயை எடுக்க எடுக்கத் தண்ணீர் மேலே ஏறும், அவசரப்பட்டு இழுத்தால் இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சில பழைய கிணறுகளில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் வருகிறது என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அவர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "தீந்துக்கினே போற உத்தியோகத்த நம்பி எப்பிடி தம்பி பொண்ணு குடுக்கறது? யோசிச்சு சொல்றோம்."

கிணற்று மேடு

லீவு முடியப் போகிறது, பதில் வரவில்லை. நானே போனேன். அவர் வற்றிப்போன தன் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். பயிர் வாடிக் கிடந்தது. வசந்தா ஆட்களுக்குக் கூழ் கொண்டுவந்திருந்தாள். என் கதையைக் கேட்ட மேஸ்திரி, "இவரு போற கெணத்துலல்லாம் தண்ணி வருதாமே? இங்க கொஞ்சம் நிறுத்திப் பாருங்க" என்றார். வசந்தாவின் அப்பா துளியும் கூச்சப்படாமல் என்னை நிழலிலிருந்து இழுத்துவந்து, வெயிலில் கிணற்று ஓரம் நிறுத்திவிட்டார்.

வேர்த்து நனைந்தேன். கீழே கடப்பாரை இடிக்கும் சத்தம் திடீரென்று நின்றது. "தண்ணி! தண்ணி!" என்று குழிக்குள்ளிருந்து ஒருவன் கத்தினான்.

பழக்க தோஷம். "ஐயோ! சிமெண்டு கொண்டாங்க, அடைங்க!" என்று அதைவிடச் சத்தமாக நான் கத்திவிட்டேன்.

மேட்டில் இருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அவள் அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. என் கல்யாணம் அந்தக் குழிக்குள் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போதுதான் வசந்தா கூழ்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, என் எதிரில் முதல் முறையாக வாய் திறந்தாள்: "இவர இங்க வுட்டு வெச்சா நம்ம கெணத்த மூடிடுவாருபா. நானே குஜராத்துக்கு இட்டுக்கினு போயிட்றேன்."

என் கல்யாணத்தை முடித்துவைத்த அந்த ஊற்றுதான், என் உத்தியோகத்தில் நான் அடைக்காமல் விட்ட ஒரே ஊற்று.