கரோலின் மிச்சம் பிடித்த கடல்

சிக்கனத்தில் கரோலினை அடித்துக்கொள்ள மாதனூரில் ஆள் கிடையாது. பருப்பை ஊறவைத்துத்தான் குக்கரில் போடுவாள். இரண்டு விசில் கேஸ் மிச்சம். காய்கறி வாங்குவது சந்தைக்காரர்கள் கடை கட்டும் நேரத்தில்தான். தேய்ந்த சோப்புத் துண்டுகளைக்கூட வலைப்பையில் சேர்த்துக் கட்டி, கை கழுவக் குழாயடியில் தொங்கவிடுவாள். கணவன் ஏசுராஜ் கஞ்சம், கஞ்சம் என்று சொல்லி வாய் வலித்து ஓய்ந்துவிட்டான்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு அவளுக்கு. கம்பெனி வேனில் ஏறினால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில்தான் போவாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு யுக்தி வைத்திருந்தாள்: வேலைக்குப் போகும்போது பர்ஸை எடுக்கவே மாட்டாள். கையில் காசிருந்தால்தானே வழியில் சமோசா கூப்பிடும்? கம்பெனிக்குள் போனுக்கு அனுமதி இல்லாததால் அதுவும் வீட்டில். இதைப் பஸ்ஸிலேயே பிரசங்கம் செய்து, கூட வரும் கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரையும் மாற்றிவிட்டாள். சமோசாவுக்கு உயிரை விடும் அஃப்ஸர் ஜஹான்கூட மாறிவிட்டாள் என்றால் பாருங்கள்.

இவ்வளவும் எதற்கு? பிள்ளைகள் ஆலனும் சாராவும் கடலைப் பார்த்ததில்லை. சென்னைக்குக் கூட்டிப்போக அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் மட்டும்தான் பாக்கி. ஒரே ஒரு நாள் தாமதமானாலும் முழுப் போனஸும் போச்சு. மாதத்தின் கடைசி வேலை நாளும் வந்தது.

அன்றைக்குப் பார்த்து, ஆம்பூருக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் படுத்துவிட்டது. டிரைவர் சாவியைத் திருகுகிறார், திருகுகிறார், இருமல்கூட வரவில்லை. ஷேர் ஆட்டோ ஒன்று ஆசையாக வந்து நின்றது. கம்பெனிப் பெண்கள் யாரிடமும் சல்லிக்காசு இல்லை என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே போய்விட்டது. எல்லாத் தலைகளும் கரோலின் பக்கம் திரும்பின. பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போயிருப்பாள்.

அஃப்ஸர் ஜஹான்தான் முதலில் இறங்கினாள். புர்காவைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “இன்னாடி பாத்துகினு நிக்கிற? எறங்கித் தள்ளு” என்றாள்.

தள்ளினார்கள்! டிக்கெட் வாங்கிய ஆண்கள் ஜன்னலில் வேடிக்கை பார்த்துவிட்டு, வெட்கம் வந்து அவர்களும் இறங்கிக் கைகொடுத்தார்கள். பஸ் அசைந்தது, உருண்டது, ஒரு குலுக்குக் குலுக்கி உறுமியது. ஓடுகிற பஸ்ஸில் ஒருவரை ஒருவர் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறியபோது அந்தக் கூச்சல் பாலாற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும்.

கம்பெனி கேட்டில் இறங்கி ஓட்டமாய் ஓடினார்கள். கட்டைவிரல் வைக்கும் மிஷின் முன் வரிசை. மற்றவர்கள் வைத்து முடிக்க, மிஞ்சியது அஃப்ஸர் ஜஹானும் அவளுக்குப் பின்னால் கரோலினும். வேலை நேரம் தொடங்க இன்னும் ஒரு நிமிஷம்கூட இல்லை. பசை தடவித் தடவி அஃப்ஸரின் ரேகை தேய்ந்துபோயிருந்தது. மூன்று நான்கு தரம் வைக்காமல் மிஷின் அவளை ஒப்புக்கொள்ளாது. விரலை நீட்டப் போனவள் சட்டென்று விலகி, கரோலினை முன்னால் இழுத்துவிட்டாள்.

“என் விரலு பேஜார் பண்ணும். நீ வெய்யி. புள்ளைங்க கடலப் பாக்கட்டும்.”

மிஷின் கரோலினை ஏற்றுக்கொண்டது. அஃப்ஸரின் விரலை நான்காம் தரம் ஏற்றுக்கொண்டபோது நேரம் தாண்டியிருந்தது. அஃப்ஸர் தன் பசை மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். கரோலின் அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

சம்பளம் வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் ஆராதனைக்கே மட்டம் போட்டுவிட்டு, கரோலின் குடும்பத்தோடு ரயிலேறினாள். டிக்கெட் ஒன்று கூடுதல். வேண்டவே வேண்டாம் என்ற அஃப்ஸர் ஜஹானிடம், “நீ வரலன்னா நாங்களும் போறதா இல்லக்கா” என்று சொல்லி இழுத்து வந்திருந்தாள்.

ஐம்பது வயதுவரை அஃப்ஸரும் கடலைப் பார்த்ததில்லை என்பது மெரினாவில்தான் தெரிந்தது. பிள்ளைகள் தண்ணீருக்குள் ஓட, அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

“இவ்ளோவாடி?” என்றாள், கண் கலங்க.