தவளைக்குக் கட்டிய குளியலறை

சாப்பாட்டுக் கேரியரைக் கழுவலாம் என்று திறந்தேன். மேல் அடுக்கில் மூன்று தவளைகள் உட்கார்ந்து என்னையே பார்த்தன. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு டீச்சர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்துவிட்டார். கொண்டுவந்த மனிதரோ, "மூடு, மூடு, பயந்துக்கப் போகுதுங்க" என்றார். பயப்படும் உரிமை எனக்குக் கிடையாதாம்.

அந்த மனிதர் என் கணவர். குழாய் வேலை செய்கிறவர். தெருவே அவரைச் 'சொட்டு' என்றுதான் கூப்பிடும். எங்கேயாவது ஒரு சொட்டு ஒழுகினால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. என்னைப் பெண் கேட்டு வந்த அன்று, அப்பா கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, இவர் பாட்டுக்கு எழுந்து சமையலறைக்குள் போய் ஒழுகுகிற குழாயை முறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். துக்க வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாயைத்தான் விசாரிப்பார்.

அன்று ஒரு வீட்டின் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியை உடைத்து எடுக்கப் போயிருக்கிறார். தண்ணீர் நிரம்பினால் வழிவதற்கு வைத்த குழாய்க்குள் மூன்று மரத்தவளைகள். வீட்டுக்காரர் பிளீச்சிங் பவுடரைக் கொட்டச் சொன்னாராம். இவருக்கு மனசு வரவில்லை. காலியான கேரியரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"அதுங்க வீட்டை நான்தானே உடைச்சேன்? நான்தான் ஒண்ணு கட்டிக் குடுக்கணும்."

"எனக்கு ஒரு அலமாரி கட்டித் தரேன்னு சொல்லி எட்டு வருஷம் ஆச்சு."

"உனக்கு இருக்க வீடு இருக்கில்ல?" என்றார். இந்த வாயை எந்த ஸ்பானரால் முறுக்கி மூடுவது?

யாரோ வேண்டாம் என்று திருப்பிவிட்ட குளியலறைக் கண்ணாடித் தடுப்புகள் நாலு எங்கள் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தன. தவளைத் தொட்டிக்கு அவைதான் சுவர் என்று முடிவு செய்தார். அந்தக் கண்ணாடியை வெட்ட முடியாது, வெட்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ஆகவே தவளைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்ற பேச்சே எழவில்லை. கண்ணாடி எவ்வளவோ அவ்வளவு: என் தோளுயரம். அடியில் ஷவருக்குக் கீழே பதிக்கிற தட்டு, தண்ணீர் இறங்கும் ஓட்டையோடு. இதற்கு நல்ல வெளிச்சம் வேண்டுமாம். எங்கள் வீட்டில் வெளிச்சமான ஜன்னல் ஒன்றே ஒன்று. அங்கே என் தையல் மெஷின் இருந்தது.

மெஷின் குளியலறைக் கதவோரம் தள்ளப்பட்டது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டிப் பிழைக்கிறவளுக்கு ஜன்னல் என்றால் என்னவென்று தைக்கிறவர்களைக் கேளுங்கள்.

"ஒரு மாசம் பாப்பேன்," என்றேன். "தவளை குடிபோன நாள்லேருந்து ஒரு மாசத்துக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வெளிய வந்தாலும், ஒரு தவளை வெளிய வந்தாலும் தொட்டியப் பிரிச்சிடணும். ஜன்னல் எனக்கு."

"சொட்டா? என் வேலையிலயா?" என்று சிரித்தார்.

அடுத்த இரண்டு வாரம் வீடு வீடாக இல்லை. பாதித் தொட்டி குளம், பாதி கரை. கரைக்குத் தெர்மகோலைச் செதுக்கி, மேலே தேங்காய் நாரை ஒட்டி, கூழாங்கல், வலை, மண் என்று அடுக்கினார். ஏறி உட்கார ஒரு காய்ந்த கிளை. சின்ன மோட்டார் ஒன்று குளத்துத் தண்ணீரை மேலே ஏற்றி அருவியாக விட்டது. திறக்க ஒரு வால்வு, மூட ஒரு வால்வு, அந்த இரண்டும் மக்கர் பண்ணினால் இன்னொரு வால்வு. எங்கள் குளியலறையில் அத்தனை வசதி இல்லை.

அதுவரை தவளைகள் துணி ஊறவைக்கும் டப்பில், என் காலடியில். வலைத்துணி போட்டு நான்தான் கட்டிவைத்தேன். சோப்புக் கையோடு ஒரு தடவை தொடப்போனதற்குச் சொட்டு கத்தினார்: "கைய எடு! தவளை வாயால தண்ணி குடிக்காது, தோலாலதான் குடிக்கும். நீ தடவுறதெல்லாம் உள்ள போயிடும்!"

அங்கேதான் ஒன்று கண்டுபிடித்தேன். நான் மெஷினை மிதித்தால் மூன்றில் பெரிய தவளை, நான் வைத்த பெயரில் பெரியவன், கத்துவான். நிறுத்தினால் நிறுத்துவான். சும்மா இரண்டு தையல் 'டர்ர்' என்று ஓட்டினால் அவனும் இரண்டே இரண்டு. தைக்கத் துணி இல்லாத நேரத்திலும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்பதை இங்கே மட்டும் சொல்கிறேன்.

கடைசியில் தொட்டி தயார். மூலைகளுக்கெல்லாம் சிலிக்கான் பசை பூசி, அந்த வினிகர் நெடி போகும்வரை காயவிட்டு, ஒரு வாரம் தண்ணீர் நிரப்பிப் பார்த்தார். தரையில் செய்தித்தாளை விரித்துத் தினமும் தடவினார். ஒரு பொட்டு ஈரம் இல்லை. "இருபது வருஷமா இதே பசைதான். பூசணம்கூட அண்டாது!" என்று காலி ட்யூபை முத்தமிடாத குறை.

மறுநாள் காலை குடிபுகுதல். முந்தைய சாயங்காலம் குப்பையைக் கூட்டும்போது அந்த ட்யூபில் இருந்ததைப் படித்தேன். அவர் படிக்க மாட்டார். கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று அர்த்தமாம். பொடி எழுத்தில் இருந்தது: பூசணத்தைக் கொல்லும் மருந்து கலந்தது. மீன் தொட்டி போன்றவற்றுக்கு உகந்ததல்ல.

குளியலறைக்குப் பூசணம் அண்டாத பசைதான் நல்ல பசை. தோலால் குடிக்கிறவனுக்கு அது விஷம். எனக்குப் பளிச்சென்று புரிந்தது. அதோடு இன்னொன்றும் புரிந்தது: நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், ஜன்னல் தானாக வந்துவிடும். ட்யூபைக் குப்பைக்கூடையில் வெட்டுத்துணிகளுக்கு அடியில் திணித்தேன்.

ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய் அந்தக் கூடையை எட்டிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் சொட்டு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினார். கையில் பெரியவன். மூடியைத் திறந்தார். எதிர்வீட்டு டீச்சரின் துணியை மெஷினில் வைத்துக்கொண்டிருந்த நான் கவனமில்லாமல் மிதித்துவிட்டேன் போல. அவர் கைக்குள் இருந்தபடியே பெரியவன் பதில் சொன்னான்.

"போடாதீங்க!" என்று கத்தினேன். "அந்தப் பசையில மருந்து இருக்கு. செத்துடும்!"

ஸ்டூலிலிருந்து இறங்கினார். முகத்தில் ரத்தமே இல்லை. "எப்பப் படிச்ச?"

"இப்பத்தான்."

இருபது வருஷம் ஊரெல்லாம் பூசிய பசையைப் பிளேடு போட்டு மூன்று நாள் சுரண்டினார். தேங்காய் நார், தெர்மகோல் எல்லாம் குப்பைக்குப் போனது. நானும் தையல் பிரிக்கும் ஊசியால் இண்டு இடுக்கெல்லாம் நோண்டினேன். மருந்து கலக்காத பசை வாங்கிவந்து, முதன்முறையாக மூக்குக்கண்ணாடி போட்டு, ட்யூபை முன்னும் பின்னும் படித்தார். மறுபடி கரை, மறுபடி குளம், மறுபடி செய்தித்தாள். பிறகுதான் தவளைகள் குடிபோயின.

போனதும் பெரியவன் ஊமையாகிவிட்டான். குளியலறைக் கதவோரம் நான் என்ன மிதித்தும் ஜன்னல் வரை கேட்கவில்லையோ என்னவோ. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மெஷினை இழுத்துவந்து தொட்டியை ஒட்டிப் போட்டேன். "வெளிச்சத்துக்கு" என்றேன். அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம் துணிக்கூடைக்குள் கையை விட்டேன். ஜில்லென்று ஒன்று தட்டுப்பட்டது. பெரியவன்! வலைமூடியின் மூலையில் கொக்கி நெகிழ்ந்திருந்தது. ஜன்னல் முழுசாக என் கையில், கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் வேலையிலிருந்து வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

கையைச் சோப்பில்லாமல் கழுவிக்கொண்டு வந்து அவனை எடுத்து உள்ளே விட்டேன். கொக்கி நெகிழ்ந்த இடத்தில் வலையை மூடிச் சட்டத்தில் சுற்றியிருந்த துணிப் பட்டியோடு சேர்த்து ஒரு ஊக்கைக் குத்தினேன்.

மறுநாள் மாசம் முடிந்தது. சொட்டு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தொட்டியைச் சுற்றிவந்தார். "ஒரு சொட்டு இல்ல, ஒரு தவளை இல்ல. ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிட்டேன்."

ஸ்டூலில் ஏறினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூடியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா, இந்த ஊக்கை யார் குத்தினது?"

"எனக்கென்ன தெரியும்?"

"காலி ட்யூபைத் துணிக்கடியில ஒளிச்சு வெச்சாங்களே, அவங்களா இருக்குமோ?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அப்படியானால் அன்றைக்கே குப்பையைக் கிளறிப் பார்த்திருக்கிறார். இத்தனை நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மெஷினை மிதித்தேன். அவர் ஊக்கைக் கழற்றாமலே இறங்கிப் போனார். பெரியவன் மட்டும் கத்திக்கொண்டே இருந்தான்.