மாமியின் கார்பன் காப்பி

“இதுலே ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கோ” என்று காமாக்ஷி மாமி என் வழியை மறிக்கிறார். அவருடைய ஸ்டேப்ளரை இரவல் வாங்கிவிட்டேன், அதுதான் குற்றம். ஒரு துண்டுச் சீட்டு, அடியில் கார்பன், அதற்கும் அடியில் இன்னொரு சீட்டு. மேல் சீட்டு எனக்கு, அடிச் சீட்டு அவருக்கு. “வாயால சொன்னது காத்தோட போயிடும் சார். காகிதம் நிக்கும்” என்பார்.

கரோல் பாக்கில் ஒரு மின்விசிறிக் கம்பெனியின் தில்லி அலுவலகம் எங்களுடையது. மாமி இங்கே பதினாறு வருஷமாக டைப்பிஸ்ட். கும்பகோணத்துக்காரர். ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் அவருக்கு ஒன்றுதான், பஞ்சாபிகளே கைகூப்பிவிடுவார்கள். கைப்பையில் தயிர்சாத டப்பா, ஸ்வெட்டர் பின்னும் ஊசிகள், கார்பன் தாள் மூன்றும் நிரந்தரம். தையற்காரரிடம் ரவிக்கைத் துணி கொடுத்தால், என்றைக்குத் தருவார் என்று எழுதி வாங்காமல் நகரமாட்டார். அந்த மனிதர் மாமியைத் தூரத்தில் பார்த்ததுமே பேனாவைத் தேடுகிறாராம்! யாருக்காவது பிரிவு உபசார அட்டை சுற்றுக்கு வந்தால், மாமி அதையும் மூன்று முறை படித்துவிட்டுத்தான் பேர் எழுதுவார்.

போன டிசம்பரில் பெர்சனல் மேனேஜர் மல்ஹோத்ரா அவரைத் தனியாக அழைத்து ஒரு தாளை நீட்டினார். “பெஹன்ஜி, சும்மா ஃபார்மாலிட்டி” என்றாராம். மாமி மூன்று முறை படித்தார். அவருடைய ராஜினாமாக் கடிதம்! விஷயம் வேறொன்றுமில்லை, மல்ஹோத்ராவின் மைத்துனர் மகள் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியிருந்தாள். மாமி வீட்டிலோ கணவர் ராமமூர்த்திக்குப் பக்கவாதம். இந்த வேலைதான் அடுப்பெரிக்கிறது. மாமி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. “அச்சா ஜி” என்று எழுந்து வந்து மெஷினில் தாளைச் சொருகினார். ‘இன்று காலை 11.10-க்கு என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. இக்கடிதம் பெற்றதற்குக் கையெழுத்திடவும்.’ அடியில் கார்பன்.

மல்ஹோத்ராவுக்குப் பிடித்தது ஓட்டம்! கடிதமும் கார்பன் காப்பியுமாக மாமி போனால் அவர் போனில் இருப்பார், டீக்குப் போவார், பாத்ரூமில் நுழைந்தால் வெளியே வரவே மாட்டார். மாமி அவர் அறை வாசலில் நாற்காலி போட்டு ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு வேளையில் மட்டும்தான். “ஆபீஸ் நேரத்துல உக்காந்தா அதுக்கே மெமோ குடுத்துடுவார்.” மூன்றாம் நாள் ஸ்வெட்டரில் முதுகு முடிந்து கை தொடங்கியது. கழுத்து வருவதற்குள் கையெழுத்து விழுமா என்று அலுவலகமே பந்தயம் கட்டியது.

நான் ஒரு குறுக்கு வழி சொன்னேன். சாயங்காலம் கையெழுத்துக்குப் போகும் ஃபைலில் இதையும் நடுவில் வைத்துவிட்டால், மனிதர் பார்க்காமலே போட்டுத் தள்ளிவிடுவார். மாமிக்கு வந்ததே கோபம்! “நன்னாருக்கே! படிக்காம போடமாட்டேன்னு நான் நிக்கறேன். அவரைப் படிக்காம போட வெக்கறதா?” எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

நான்காம் நாள் சாப்பாட்டு வேளையில் பம்பாயிலிருந்து ஜெனரல் மேனேஜர் வந்து இறங்கினார். அறை வாசலில் பாதி ஸ்வெட்டரோடு ஓர் அம்மாள்! என்ன இது என்று கேட்டார். மல்ஹோத்ராவின் முகம் வெளுத்துவிட்டது. “ஒன்றுமில்லை சார், சாதாரண லீவ் லெட்டர்” என்று பேனாவை உருவிக்கொண்டு, மாமி மடியிலிருந்த கார்பன் காப்பியின் மேல் பாய்ந்தார்.

நாலு நாளாகக் காத்திருந்த கையெழுத்து. நாங்கள் எல்லோரும் எழுந்து எட்டிப் பார்த்தோம். மாமி ஊசிகளை நிதானமாகப் பையில் வைத்தார். “பெஹ்லே படோ சாப், ஜோர் ஸே” என்றார். முதலில் படிக்க வேண்டுமாம், அதுவும் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க. சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடும் இடத்தை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டார்.