நாற்பத்தொன்றாவது செல்

என் தம்பி பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்று வந்தவன். வந்த சூட்டோடு ஒரு கார் வாங்கினான். பாதி பெட்ரோல், பாதி கரன்ட். வீட்டுப் பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். சில வருஷத்தில் ஊர் ஒத்துவரவில்லை என்று மறுபடி பிரான்சுக்கே போய்விட்டான். போகும்போது வண்டியை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தான். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் அந்த வயதில் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டவள் நான் ஒருத்திதான். இந்த வயசில் இவளுக்கு இது தேவையா என்று என் காதுபடவே பேசினார்கள். ஹாரன் அடித்துக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனேன்.

என் வீட்டுக்காரருக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆன பிறகு அந்த வண்டிதான் எங்களுக்கு எல்லாம். ஆட்டோவில் அவரால் ஏறி உட்கார முடியாது. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிக்கு நான்தான் அழைத்துப் போவேன்.

ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலைந்து நாளுக்குத் தாங்கிய வண்டி, திடீரென்று இரண்டாம் நாளே பெட்ரோலுக்குத் தாவ ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் போய்ச் சொன்னேன். "வயசான பேட்டரி மேடம், அப்டித்தான் இருக்கும்" என்றார் அங்கிருந்த அட்வைசர். வயசைப் பற்றி என்னிடம் பேசினால் எனக்குப் பிடிக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகுகிற கட்டைவிரல் அளவுச் சாதனம் ஒன்றை வரவழைத்தேன். ஃபோனில் அதற்கான ஆப்பை ஏற்றினேன். பேட்டரிக்குள் இருக்கும் தொண்ணூற்றாறு செல்லும் திரையில் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வோல்ட் என்ற கணக்கோடு.

வண்டி நிற்கும்போது தொண்ணூற்றாறும் ஒரே உயரம், ஒரு குறையும் இல்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் மட்டும் நாற்பத்தொன்றாவது செல் சடாரென்று கீழே இறங்கும். காலை எடுத்தால் ஒன்றும் தெரியாதது போல மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு இது புதிதல்ல. பதினாறு வருஷம் மில்லில் நூல் சோதிக்கும் பகுதியில் வேலை பார்த்தவள் நான். சும்மா கிடக்கும் நூல் எல்லாம் நல்ல நூலாகத்தான் தெரியும். இழுத்துப் பார்க்கும்போதுதான் எது அறும் என்பது தெரியும். மில்லைத்தான் மூடினார்கள், என் கண்ணை மூடவில்லை.

பேட்டரிக்கு எட்டு வருஷ வாரன்டி. அது முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதற்குள் கம்பெனி ஒத்துக்கொண்டால் புது பேட்டரி போட்டுக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் வண்டியை விற்க வேண்டியதுதான், சொந்தக் காசில் போட எங்களால் ஆகாது. நல்ல வேளையாக, செல் பழுது என்று வண்டியே தனக்குள் பதிந்து வைத்திருந்த இரண்டு எரர் ஆப்பில் சிவப்பாகத் தெரிந்தன. ஆயுத பூஜை முடிந்ததும் அதைக் கொண்டுபோய் அவர்கள் மூக்குக்கு நேரே காட்டலாம் என்றிருந்தேன்.

பூஜைக்கு முதல் நாள் வண்டியைத் தேய்த்துக் கழுவினேன். கால் விரிப்பை உதறினேன், டிக்கியைத் துடைத்தேன், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் எடுத்து வைத்தேன். சாதனத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வைக்க வேண்டுமே என்று அதைக் கழற்றப் போனபோது, திரையில் அந்தச் சிவப்பு வரி இரண்டும் கண்ணில் பட்டன. எல்லாம் சுத்தமாக இருக்கிற நாளில் இது மட்டும் அழுக்காக எதற்கு என்று தோன்றியது. பக்கத்தில் 'கிளியர்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்திவிட்டேன்.

விஜயதசமி முடிந்து மறுநாள் சர்வீஸ் சென்டரில் நின்றபோதுதான் செய்த காரியம் உறைத்தது. வண்டிக்குள் இருந்த ஆதாரத்தை நானே என் கையால் துடைத்திருந்தேன். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. வாரன்டி முடிய இன்னும் பத்தொன்பது நாள். அவர்கள் வழக்கப்படி வண்டியை முழுச் சார்ஜில் போட்டு, நிற்க வைத்தே லேப்டாப்பை மாட்டினார்கள். எல்லாம் பச்சை.

"ஃபோன் ஆப்பெல்லாம் நாங்க கணக்குல எடுக்க மாட்டோம் மேடம்" என்றார் அட்வைசர். "சாரை வரச் சொல்லுங்க, அவருக்கு விவரமா சொல்றோம்."

"சாருக்கு சைக்கிள் பங்க்சரே ஒட்டத் தெரியாது. எங்கிட்ட சொல்லுங்க."

ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். துடைத்த எரர் திரும்பப் பதிவாகவே இல்லை. மறுபடி முழுச் சார்ஜ், மறுபடி பச்சை. வீட்டுக்கு வந்தால் கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார். "வித்துடுங்க அண்ணி, இன்னாத்துக்கு வீண் வம்பு" என்றார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மெதுவாக, "நான் வீட்லயே காலை ஆட்டிக்கிறேன்மா, பிசியோ வேணாம்" என்றார். அன்றைக்கு அழுதேன். கோபத்தில் வந்த அழுகைதான். முகம் கழுவிக்கொண்டு வந்து, "இனிமே அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று இரண்டு பேரிடமும் சொன்னேன்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். அந்தச் செல் முழுச் சார்ஜில் நடித்துவிடும். சார்ஜ் குறைவாக இருக்கும்போது, மேட்டில் ஏறினால்தான் மாட்டும். புதுச்சேரியில் மேட்டுக்கு எங்கே போவது? தட்டில் பரப்பின மாவு மாதிரி ஊர். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே ஏற்றம் நூறடி ரோட்டு ரயில்வே மேம்பாலம்தான். சார்ஜ் கால்வாசிக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஃபோனை அவர் கையில் கொடுத்து, அந்தப் பாலத்தில் ஆறு தடவை ஏறி இறங்கினேன். "மூணு நாலு... மூணு ஒண்ணு... ரெண்டு ஒம்போது! உழுந்துடிச்சி!" என்று அவர் கத்தினார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

வாரன்டி முடிய நாலு நாள் இருந்தபோது அதே கால்வாசிச் சார்ஜோடு சர்வீஸ் சென்டரில் போய் நின்றேன். அட்வைசர் சார்ஜ் வயரை எடுக்கப் போனார். "வயர்ல கைய வெக்காதீங்க" என்றேன். "ஒங்க லேப்டாப்ப எடுத்துக்கிட்டு ஒங்க மெக்கானிக் எங்கூட வரணும். அதுவரைக்கும் நான் இங்கேயேதான் நிப்பேன்." காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்தார். தலை நரைத்த, வாய் அதிகம் பேசாத மனிதர். முன் சீட்டில் லேப்டாப்பையும் பழுது விவரம் எழுதும் ஜாப் கார்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கரன்டில் மட்டும் ஓடும்படி வைத்து, பாலத்தின் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தினேன். பாதி ஏற்றத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பெட்ரோல் இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல் டவுன் ஆவுது மேடம்."

"எத்தனாவது?"

"நாப்பத்தொன்னு."

பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தி வண்டியை அணைத்தேன். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டேன். "ஜாப் கார்டுல எழுதுங்க" என்றேன்.

"ஷோரூம் போயி எழுதிடலாமே."

"இங்க எழுதுங்க. எழுதாம வண்டி நகராது."

பின்னால் ஒரு டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அவர் என்னைப் பார்த்தார், பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். செல் எண், வோல்ட், தேதி, நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்று எங்கள் வண்டியில் புது பேட்டரி ஓடுகிறது என்றால் அந்தத் தாள்தான் காரணம். அதை என்னிடம் நீட்டிக்கொண்டே, "முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா பாத்துருப்போமே மேடம்" என்றார், கொஞ்சம் வருத்தமாகவே.

நான் தாளை வாங்கிக்கொள்ளவில்லை.

"இதோட நாலு தடவ சொல்லிட்டேன்" என்றேன். "அதையும் எழுதுங்க."