மேடத்தின் அம்மி

தொல்பொருள் தோண்டுவது என்றால் தங்கம் வரும் என்று நினைத்துக்கொண்டுதான் நாங்கள் வண்டியேறினோம். ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லார் மனசிலும் அதுதான். அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் எங்கள் கட்டடக் கம்பெனியின் கேம்ப். அங்கே நான் மெஸ் சமையல்காரன். எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். அல் ஐன் பக்கம் புது ரோடு வரப்போகிற இடத்தில் ஒரு மண்மேடு இருந்தது. ரோடு போடுவதற்குள் அதைத் தோண்டிப் பார்த்துவிட இங்கிலாந்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் ஆள் கேட்க, கம்பெனி கொஞ்சம் லேபர்களையும், அவர்களுக்குச் சோறு பொங்கிப்போட என்னையும் அனுப்பிவைத்தது.

வந்தது என்ன? கல். மண்ணை ஸ்பூனால் கிள்ளுகிற மாதிரி கிள்ளி, பிரஷ்ஷால் தட்டி, நூல் பிடித்து அளந்து, அப்புறம் பார்த்தால் கல். தானியம் அரைத்த கல், கத்தி தீட்டிய கல், கதவு சுழல்வதற்குக் குழி போட்ட கல். முதல் வாரத்திலேயே எங்கள் ஆட்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதை நம்மூரில் கொல்லைப்புறத்தில் போட்டிருப்பார்களே, இதற்கா விமானம் ஏறி வந்தார்கள் என்று ராத்திரிச் சாப்பாட்டில் ஒரே சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். ஒருநாள் என் அடுப்புக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லைக்கூட ஒரு வெள்ளைக்காரப் பையன் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டுப் போனான். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் கல் தப்பித்தது.

கற்களுக்கெல்லாம் பொறுப்பு ஒரு மேடம். ஐம்பதைத் தொட்ட வயசு, உரிந்துபோன சிவந்த மூக்கு, எப்போதும் ஆண்களின் சட்டை. நான் கேம்புக்கு வருவதற்கு முன்னால் துபாயில் சத்வா பக்கம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குச் சமைத்தவன், அதனால் இங்கிலீஷ் ஓரளவு ஓடும். மேடத்துக்கும் ஆட்களுக்கும் நடுவில் பேச்சு எல்லாம் என் வழியாகத்தான். டீ குடிக்க வந்தால் அந்த அம்மா தன் ஊர்க் கதை சொல்வார். அங்கே கிராமத்தில் வயலை உழும்போது இதேபோல அரைக்கும் கல் வருமாம். விவசாயிகள் அதைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுப்பார்களாம், தோட்டத்தில் வைத்துக் குருவிக்குத் தண்ணீர் ஊற்றுவார்களாம். இவர் சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கதவிடுக்கில் கிடந்த கல்லையெல்லாம் புரட்டிப் பார்த்துத்தான் படித்து வேலைக்கு வந்தாராம். ராஜாக்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், மாவரைத்தவளைப் பற்றி எழுத அவள் கல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று கேட்டார். அதற்கப்புறம் நான் கல்லைப் பார்த்துச் சிரிப்பதை விட்டுவிட்டேன்.

ஆட்களில் மேடத்துக்குப் பிடித்தவர் புதுக்கோட்டைக்காரர். கேம்பில் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டார்கள், ஊர்தான் பெயர். மெலிந்த மனிதர், முப்பது வயசு இருக்கும், அதிர்ந்து பேசமாட்டார். ஊரில் வயல் வேலை இல்லாத மாதங்களில் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அம்மி கொத்தப் போனவர். கல்லை மண்ணிலிருந்து எடுப்பதில் அவர் கை அவ்வளவு பதமாக இருக்கும். தோண்டியெடுத்ததை வைக்கிற ஸ்டோர் கொட்டகையைக் கூட்டிப் பெருக்குகிற வேலையையும் மேடம் அவரிடமே கொடுத்திருந்தார்.

அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். முந்தின வருஷம் அபுதாபியில் பதினோரு மாடி டவர் வேலையில் சாரத்துப் பலகை அவர் காலடியில் நழுவிவிட்டது. ஒரு பைப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கியவரை மேலே இருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள். உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை. ஆனால் அன்றையிலிருந்து உயரம் என்றால் உயிர் போகிறது. ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்டச் சொன்னாலும் முழங்கால் இரண்டும் தந்தியடிக்கும். இது ஃபோர்மேனுக்குத் தெரிந்தால் ஏற மாட்டாதவன் எதற்கு என்று அன்றைக்கே விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். மேட்டை போட்டோ எடுக்க உயரமான ஏணி ஒன்றை நிறுத்துவார்கள். அதில் ஏறுவது ஒரு வெள்ளைக்காரப் பையன், கீழே பிடித்துக்கொள்வது மட்டும்தான் இவர் வேலை. அதற்கே கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பார். தூசி விழுந்துவிட்டது என்று நான் சமாளிப்பேன்.

தை பிறந்ததும் தோண்டுகிற வேலை முடிகிற நிலைக்கு வந்தது. முடிந்தால் எல்லாரும் முசஃபாவுக்குத் திரும்பி மறுபடி டவர்தான். ஆனால் குவித்துவைத்த மண்ணைச் சலிக்கவும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளவும் ஒரே ஒரு ஆள் அங்கேயே தங்கலாம், அடுத்த குளிர்காலத்துக்கும் அவரே இருக்கலாம் என்று கம்பெனி சம்மதித்திருந்தது. யார் என்று மேடம் சொல்ல வேண்டியதுதான். புதுக்கோட்டைக்காரரைத்தான் வைத்துக்கொள்ளப்போகிறேன் என்று மேடம் என்னிடம் சொன்னார், நான் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்க்க வேண்டுமே. சோற்றுப் பானையைச் சுரண்டிவைத்தேன்.

அந்த வாரம்தான் அந்தக் கல் வந்தது. நடுவில் குழிந்த, ஒரு முழ நீளத்துக்கு மேலிருந்த பெரிய அரைகல். உடையாமல் முழுசாக. மேடம் டீ டம்ளரைக்கூட மறந்துவிட்டு அதன் பக்கத்திலேயே மண்டியிட்டிருந்தார். எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, புதுக்கோட்டைக்காரரின் கையைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்து, எவ்வளவு வழுவழுப்பு, பார்த்தாயா என்றார். ரொம்ப வழுவழுன்னு இருக்குன்னு சொல்றாங்க என்று நான் தமிழில் சொன்னேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, கவலையோடு தலையை ஆட்டினார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கல்லைக் கழுவக்கூடாது, துடைக்கவும் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லி, ஸ்டோரில் துணி விரித்து அதன் மேல் வைக்கச் சொன்னார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, லீவு. வெள்ளைக்காரர்கள் எல்லாம் துபாய்க்குச் சாமான் வாங்கப் போய்விட்டார்கள். நான் துணி துவைத்துவிட்டுப் படுத்திருந்தேன். ஸ்டோர் பக்கம் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. கார்பெண்டர் ஏதோ பெட்டி அடிக்கிறார் என்று புரண்டு படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மேடம் ஸ்டோருக்குள் போனவர் ஒரு சத்தம் போட்டார். நான் கரண்டியோடு ஓடினேன். கல் துணி மேல்தான் இருந்தது. ஆனால் அதன் முகம் முழுக்கப் புத்தம்புதுசாக உளியால் கொத்தியிருந்தது. வரிசை வரிசையாக, ஒரு புள்ளி பிசகாமல், ஓரத்தில் ஒரு மாங்காய்க் கொடிகூடப் போட்டிருந்தார். பக்கத்தில் புதுக்கோட்டைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

ஏன் இப்படிச் செய்தான் என்று கேள் என்றார் மேடம். கேட்டேன்.

“வழுவழுன்னு இருக்குன்னு மேடந்தான அண்ணே சொன்னாங்க? வழுவழுன்னு இருந்தா எப்படி அரைபடும்? மிளகா அப்படியே வழுக்கிட்டு ஓடுமுல்ல. என்னை இங்கயே வச்சுக்குறாங்க, என்னால ஆனது, கொத்திக் குடுப்போமேன்னு செஞ்சேன்.”

கழுவக்கூடாதுன்னு சொன்னாங்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். “நான் எங்கண்ணே கழுவுனேன்? சொட்டுத் தண்ணி காட்டலையே” என்றார். அதுவும் உண்மைதான். பொழுது விடிந்து பொழுது போனால் அம்மியோடு மல்லுக்கட்டுகிற ஜனம் நாம். வழுவழு அம்மி என்றால் வீட்டில் வேலை கிடக்கிறது என்று அர்த்தம். அதையே ஒருத்தர் ரசிப்பார் என்று யார் கண்டார்கள்?

நான் இங்கிலீஷில் ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன். மேடம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வழுவழுப்புதான் தனக்கு வேண்டியது என்றார். எத்தனை காலம் எத்தனை பெண்கள் அரைத்தார்கள், எந்தப் பக்கம் தள்ளி அரைத்தார்கள், கோதுமையா பேரீச்சங்கொட்டையா என்பதெல்லாம் அந்த மேல்தோலில்தான் இருந்தது, லென்ஸ் வைத்துப் பார்க்க இங்கிலாந்துக்கு அனுப்ப இருந்தேன், இப்போது இது வெறும் கல் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இவனைத் தங்கவைக்க முடியாது, வேறு ஆள் சொல்கிறேன் என்றார். அவர் சொன்னதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

புதுக்கோட்டைக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் முகம் தெரியாதா? பேயறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். நேரமும் பார்த்து வந்ததே, அன்றைக்கு ஹாஜர் எடுக்க, ஆள் கணக்குப் பார்க்க, ஃபோர்மேன் வருகிற நாள். பஞ்சாபிக்காரர், நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் யல்லா யல்லா என்று கத்துகிறவர். விஷயம் அவர் காதுக்கு எப்படிப் போனதோ, வண்டியை விட்டு இறங்கும்போதே தெரிந்திருந்தது. சர்க்கார் சாமானை உடைத்தவனா, இவனை நாளைக்கே டவரின் உச்சி மாடியில் ஏற்றுகிறேன், ஏறாவிட்டால் ஊருக்கு டிக்கெட், கலாஸ், கதை முடிந்தது என்றார் ஹிந்தியில். அது புதுக்கோட்டைக்காரருக்கு நன்றாகப் புரிந்தது. பக்கத்தில் இருந்த கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டார். தரையில் நிற்கும்போதே.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சத்தியமாவது ஒன்றாவது என்று மேடத்தின் பின்னாலேயே அவருடைய கூடாரத்துக்குப் போய்விட்டேன். உள்ளே வராதே என்றார், நுழைந்தேன். பலகை நழுவியதைச் சொன்னேன். ஏணியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பதைச் சொன்னேன். கல்லுக்குப் போனது மேல்தோல், இந்த ஆள் ஏறினால் உயிரே போய்விடும், அதற்கப்புறம் நீங்கள் எந்த லென்ஸை வைத்துப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். என் இங்கிலீஷில் இவ்வளவும் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. சத்தியத்தை மீறியதற்கு இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

மேடம் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஃபோர்மேன் வண்டிக்கதவில் கை வைத்திருந்தார். மேடம் அவர் எதிரில் போய் நின்று, அதுவரை நாங்கள் கேட்டிராத குரலில் சத்தம் போட்டார். உடைந்தது என்னுடைய கல், தண்டனை கொடுக்க வேண்டியது நான், நீ யார் குறுக்கே வர என்றார். இவனை விடமாட்டேன். மலை மாதிரி கிடக்கிற மண் முழுக்க இவன் ஒருத்தனே உச்சி வெயிலில் சலித்தாக வேண்டும், அது முடிந்தால் அடுத்த குளிர்காலத்து மண்ணும் இவன்தான், ஓவர்டைம் கிடையாது, நகரக் கூடாது. கையை நீட்டி நீட்டி அந்த அம்மா திட்டியதில் எச்சில் தெறித்தது. கல்லைத் தாளில் படம் வரையும்போது ஒரு கோடு கூடிப்போனாலே ராத்திரி முழுக்கத் தூங்காத மனுஷி. இப்படிப் பொய் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஃபோர்மேனுக்கு வாயெல்லாம் பல். அச்சா மேடம், அச்சா, வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் நன்றாகக் காயட்டும் என்றார். ஹாஜர் தாளில் அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். மேடம் திரும்பி என்னைக் கடந்து போகும்போது ஒரு நொடி நின்றார். முகம் கல்லைப் பார்த்தபோது இருந்ததைவிட வெளுத்திருந்தது. அப்புறம் ஸ்டோருக்குள் போய்விட்டார்.

புதுக்கோட்டைக்காரர் கொட்டகைக் காலை இன்னும் விடவில்லை. மேடம் கத்தியது முழுக்கத் தன்னைத்தான் என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருந்தது. மெதுவாக என்னைக் கேட்டார்.

“என்னை என்னண்ணே பண்ணச் சொல்றாங்க?”

“மண்ணு சலிக்கணுமாம். பூரா மண்ணும். வெயில்ல. அடுத்த வருசமும் நீதானாம்.”

“தரையிலதான?”

“தரையிலதான்யா.”

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, ஓவென்று அழுதார். வண்டியில் ஏறப்போன ஃபோர்மேன் அந்தச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். தண்டனை நன்றாக உறைத்துவிட்டது என்று நினைத்திருப்பார். திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.