பங்குனிச் சுளுக்கு

எனக்கு ஒவ்வொரு பங்குனியிலும் கால் சுளுக்கும். முளைப்பாரிக் கும்மிக்குப் பெண்கள் வட்டம் கட்டும் நேரம் பார்த்துச் சரியாக வந்துவிடும். ஒன்பது வயதில் ஒருமுறை எல்லாரும் கைதட்டி ஓய்ந்த பிறகு என் கை மட்டும் தனியாகத் தட்டியது. சிரித்தார்கள் பாருங்கள், இன்றைக்கும் அந்தச் சிரிப்பு காதில் இருக்கிறது. மறுவருஷம் நானே கண்டுபிடித்த வைத்தியம்தான் இந்தச் சுளுக்கு. கல்யாணமாகித் திருச்சுழிப் பக்கம் வந்த பிறகும் அதை விடவில்லை.

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு வரி வாசிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய்விடும். பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் என்று அருப்புக்கோட்டையில் ஒரு சிறப்பாசிரியையிடம் கூட்டிப்போனேன். துணைக்கு நாத்தனாரும் வந்தாள். ஆசிரியை மேசையில் ஒரே சீராகத் தட்டிக்கொண்டே, "என் கூடச் சேர்ந்து தட்டு கண்ணு" என்றார். மகள் பிந்தினாள், முந்தினாள், எச்சிலை விழுங்கினாள். அடப் பாவமே, அது என் கையேதான்!

"இவ மக்கு இல்லம்மா. சில பிள்ளைகளுக்குத் தாளம் காதுல சரியாப் பிடிபடாது. சொல்லுக்குள்ள இருக்குற சத்தத்தப் பிரிச்சுக் கேக்கவும் சிரமமா இருக்கும். அதான் வாசிக்கத் திணறுது. பழக்கினா வரும்" என்றவர், "வீட்டுல வேற யாருக்காச்சும் இப்படி உண்டா?" என்று கேட்டார்.

ஒன்பதாம் வகுப்போடு நான் ஏன் நின்றேன் என்று புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பஸ் போர்டை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். நாத்தனார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒன்றைச் சொன்னால் ஊருக்கே தமுக்கடித்த மாதிரி.

"எங்க வீட்டுல யாருக்கும் இல்ல டீச்சர்" என்றேன்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில், "எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?" என்று கேட்டாள். பக்கத்து சீட்டில் நாத்தனார். ஜன்னல் வழியாகக் கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

அந்தப் பங்குனியில் கும்மிக்கு மகளையும் கூப்பிட்டார்கள். வழக்கம்போல நான் காலை நீட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வட்டத்துக்குள் போனவள் இரண்டு தட்டுத் தட்டினாள், நின்றாள். பிறகு நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"கால் சுளுக்கிருச்சும்மா."

இடது கால். நான் வருஷாவருஷம் நொண்டுகிற அதே கால்.

"தாயப்போலப் பிள்ள, நூலப்போலச் சேல!" என்றாள் நாத்தனார். வட்டமே சிரித்தது.

உன் காலுக்கும் ஒன்றுமில்லை, என் காலுக்கும் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாத்தனார், "இந்தாங்க மதினி" என்று தைலத்தை நீட்டினாள். வாங்கி, மகளின் நோகாத காலை நீவிவிட ஆரம்பித்தேன்.